செந்தூர்க் கரையில் நான் மாமனான கதை

என் தங்கை மகனுக்கு நான் பெரியம்மா. தாய்மாமனும் நான்தான். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காளவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்கு ஆட்கள் சிரிப்பதெல்லாம் ஒரு விஷயமா? ஆதார் அட்டையை வாயில் கவ்விக்கொண்டு வந்து, எச்சிலோடு மிஷின் கண்ணாடி மேல் வைக்கிற ஆட்களைத் தினமும் திட்டி அனுப்புகிறவள் நான். என் வாய்க்குப் பயந்து எதிர்க் கடைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே கறுப்புக் கறுப்பாக விழுகிறது என்று திரும்பி வந்தவர்களும் உண்டு.

எங்களுக்கு வீடு ஆனையூரில். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா, நான், தங்கை, மூன்றே பேர். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் நேரமில்லை என்பேன். அது பொய்யும் இல்லை. தங்கையைச் செக்கானூரணிக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தோம். கிணறு, தென்னை, நாலு கறவை மாடு என்று நல்ல குடும்பம்தான். மாப்பிள்ளை தங்கமான மனுஷன், வாய்தான் கிடையாது. அந்த வீட்டுக்கான வாய் மொத்தமும் அவருடைய அம்மாவிடம் இருந்தது.

கல்யாணத்தன்றே அந்த அத்தை ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட உடன்பிறந்தவன் வர வேண்டும் என்று ஐயர் கூப்பிட்டார். எங்கள் பக்கம் ஒரு நிமிடம் யாரும் எழவில்லை. பிறகு சித்தப்பா மகன் எழுந்து போய்ப் போட்டான். "கூடப்பொறந்தவன் இல்லாத வீட்டுல பொண்ணெடுத்திருக்கோம், நாளைக்கு எம் பேரனுக்கு மடி யாரு குடுப்பா?" என்று அத்தை மண்டபத்திலேயே கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவான குரல் அம்மா காது வரைக்கும் வந்தது.

மடி என்றால் என்ன என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு முதல் மொட்டை எடுக்கும்போதும் காது குத்தும்போதும் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். தோடும் புதுத் துணியும் மாமன் கொண்டுவர வேண்டும். மொட்டைத் தலையோடு பிள்ளையைத் தண்ணீருக்குத் தூக்கிப்போவதும் அவன்தான். விருந்தில் முதல் இலையும் அவனுக்குத்தான். அவன் கை வைக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். மாமன் இல்லாத பிள்ளைக்கு யாராவது பங்காளியைப் பிடித்து உட்கார வைப்பார்கள், அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

கல்யாணமாகி ஆறு வருடம் தங்கைக்குப் பிள்ளை இல்லை. அந்த ஆறு வருடமும் நானும் அவளும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்செந்தூர் போவோம். மாப்பிள்ளைக்கு அறுப்பு இருக்கும், இல்லையென்றால் மாடு ஈனும். அத்தைக்கு முழங்கால் வலி. கூடப் போக நான்தான். கடையைப் பூட்டி, "இன்று விடுமுறை" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். என் கடையில் தாளுக்கா பஞ்சம்?

முதல் தடவை போனபோது கடல் எனக்கு நல்ல பாடம் சொல்லிக்கொடுத்தது. நாங்கள் கால்வாய்த் தண்ணீரிலும் மோட்டார் தொட்டியிலும் குளித்து வளர்ந்தவர்கள். வைகையில் தண்ணீர் வந்தால் அது எங்களுக்குச் செய்தி. கால்வாயில் தண்ணீர் ஒரு பக்கமாக வரும், மேலே மோதும், போய்விடும். கடலிலும் அப்படித்தான் என்று நினைத்து அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையில் நின்ற தங்கையிடம் "வாடி, ஒண்ணும் செய்யாது" என்றேன். சொல்லி முடிக்கவில்லை. அலை என்னைக் குப்புறத் தள்ளியது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வந்த தண்ணீர் திரும்பிப் போகும்போது காலடி மணலையும் உருவியது, என் ஒரு கால் கொலுசையும் உருவிக்கொண்டு போனது. கடல் மோதிவிட்டுச் சும்மா போவதில்லை, திரும்பும்போது எடுத்துக்கொண்டு போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலிருந்து பக்கவாட்டில்தான் நிற்பேன். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, கண் எப்போதும் அலை மேல்.

குளித்து, நாழிக்கிணற்றில் உப்புப் போக இன்னொரு தடவை நனைந்து, முருகனைப் பார்த்துவிட்டு வந்து இருவரும் மணலில் உட்காருவோம். கோயில் மதிலுக்குக் கீழேயே கடல். நின்றுகொண்டே சுண்டல் தின்கிறவர்கள், ஈரத்துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து உலர்த்துகிறவர்கள், சந்தன மொட்டைகள், பச்சைத் துணி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். தங்கை அவ்வளவு கூட்டத்தில்தான் நிம்மதியாக அழுவாள். வீட்டில் அழுதால் ஏன் என்று கேட்பார்கள். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

ஆறாவது வருடம் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, பிள்ளை பொறந்தா மொத முடி இங்கதான். வேண்டிக்கிட்டேன்."

"நல்லது."

"மடிக்கு யாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையே இன்னும் வரவில்லை, அதற்குள் அவள் மனசுக்குள் அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்த வீட்டில் எத்தனை தடவை அதைக் கேட்டிருப்பார்கள்? "நான் இருக்கேன்டி," என்றேன். "எம் மடில வை."

"நெசமாவா?"

"இந்தக் கடலு மேல சத்தியமா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அதை மட்டும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவள் உண்டானாள். ஐந்தாம் மாதம் நான் கீழமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஆசாரியிடம் போய்ச் சின்னதாக ஒரு ஜோடித் தோடு செய்யச் சொன்னேன். ஆணா பெண்ணா என்று தெரியாது. எதுவாக இருந்தால் என்ன, காது இரண்டுதானே. செய்து வாங்கி, பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன்.

பையன் பிறந்தான். மறு வருடமே தங்கையின் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டதால் நல்ல காரியம் எல்லாம் தள்ளிப்போனது. குலதெய்வத்துக்குப் பூமுடி மட்டும் ஒரு கொத்து எடுத்து வைத்தார்கள். மூன்று வயது வரைக்கும் அவனுக்கு இரட்டைச் சடை. தங்கை வாரத்தில் மூன்று நாள் காளவாசலுக்குத் தையல் வகுப்புக்கு வருவாள், அந்த மூன்று நாளும் பையன் என் கடையில். மிஷினுக்குக் கீழே உட்கார்ந்து, அது போடுகிற சத்தத்தை அப்படியே திருப்பிப் போடுவான். நான் வாயாலேயே மிஷின் ஓட்டுவேன். "க்ர்ர்ர், ஷீங், டக். எத்தனை காப்பி சார்?" என்பேன். "பத்து," என்பான். பத்து ஓடி முடிகிற வரைக்கும் ஆடாமல் அசையாமல் இருப்பான். அவனுக்குச் சோறு ஊட்டுவதும் நகம் வெட்டுவதும் இந்த வழியில்தான் நடந்தது.

மொட்டைக்கு நாள் குறித்ததும் நான் நேரே செக்கானூரணிக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "அத்தை, மடி நான் குடுக்குறேன்."

அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார். "என்னத்தா சொல்ற? பொம்பள மடில மொட்டையா? எங்க சனம் அம்புட்டும் வரும். சிரிப்பா சிரிச்சுப்புடும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

"உனக்கென்ன, நீ கடைக்காரி. நாங்க இங்கிட்டே குடியிருக்கவங்க. உங்க சித்தப்பா மகன்தான் இருக்கானே, அவன் உக்காரட்டும்."

அம்மாவும் அதையேதான் சொன்னார். "வேணாம்மா, ஒனக்கு வாய் இருக்கு, அவ அந்த வீட்டுல வாழணும்." தங்கை என்னைப் பார்த்தாள். கடல் மேல் சத்தியம் செய்தவள் நான். வெறுங்கையோடு ஆனையூருக்குத் திரும்பினேன். மறுநாள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நல்ல திட்டு விழுந்தது.

சித்தப்பா மகனைக் குறை சொல்ல மாட்டேன். ஒத்தக்கடைப் பக்கம் பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறான். அவனே சொந்தமாகத் தோடு வாங்கினான், பையனுக்குப் பட்டு வேட்டி சட்டை வாங்கினான். அவனுக்கு ஒரே குறை, போட்டோ. எங்கே போனாலும் எடுத்தாக வேண்டும்.

விடியும் முன்னே வேனில் கிளம்பி எட்டு மணிக்கெல்லாம் செந்தூர் போய்ச் சேர்ந்தோம். என் தோடு என்னிடம்தான் இருந்தது. சின்னப் பர்ஸில் வைத்து, ஜாக்கெட்டுக்குள் செருகி ஊக்குப் போட்டிருந்தேன். மாமன் தோடு காதில் ஏறியபிறகு இதைச் சுற்றிய துணியோடு தங்கையிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணம். பெரியம்மா கொடுத்தது பீரோவுக்குள் கிடக்கும். கிடக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அது தேறவில்லை.

ஆண்கள் முதலில் ஒரு முங்கு போட்டுவிட்டு வருகிறோம் என்று கடலுக்குப் போனார்கள். சித்தப்பா மகன் தோட்டுப் பொட்டலத்தை வேட்டி இடுப்பில் மடித்துச் செருகியிருந்தான். "பையில வச்சா கூட்டத்துல போயிரும்க்கா. இடுப்புல இருந்தா எங்க போகும்?" என்றான். கால்வாயில் குளிக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். பீடிக்கட்டு, சில்லறை, சாவி எல்லாம் இடுப்பில். "டேய், இது கால்வா இல்லடா, குடுத்துட்டுப் போ," என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றான். அலைக்கு முதுகைக் காட்டிக் கரையைப் பார்த்துத் திரும்பினான். இரண்டு கையையும் விரித்தான். "மச்சான், அலை தெரியுறாப்புல எடுங்க," என்று மாப்பிள்ளையிடம் கத்தினான்.

அலை நன்றாகத்தான் தெரிந்தது. அவன்தான் தெரியவில்லை. எழுந்து நின்றபோது அவன் உடம்பில் டவுசரும் பனியனும் மட்டும் இருந்தன. வேட்டி பத்தடி தள்ளி ஒரு தடவை வெள்ளையாக மிதந்தது, அடுத்த அலையில் அதுவும் இல்லை. தோடு போயே போய்விட்டது.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். நல்லா வேணும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், மறைக்க மாட்டேன். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருடம் முடி வளர்த்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கடலையே பார்த்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. என் சிரிப்பு அப்படியே நின்றது.

மாப்பிள்ளையும் வேன் டிரைவரும் கரையெல்லாம் தேடினார்கள். மணல் அரித்துச் சில்லறையும் நகையும் தேடுகிற இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களும் சல்லடையோடு இறங்கினார்கள். "அலை இழுத்ததை நாலு நாள் கழிச்சு அதே அலை கொண்டாந்து போடும், சொல்ல முடியாது," என்றார்கள். எங்களுக்கு நாலு நாள் இல்லை. நல்ல நேரம் முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது.

சித்தப்பா மகனுக்கு மாப்பிள்ளை தன்னிடம் இருந்த கட்டம் போட்ட கைலியைக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டே வந்து நின்றான். "கைலியோட ஒரு மாமனா," என்று அத்தை தலையில் கை வைத்தார். செக்கானூரணிச் சனம் அம்புட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். "சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றார் யாரோ ஒரு பெரியவர்.

"மொட்டைய மட்டுமாச்சும் எடுத்துருவோம் அத்தை," என்றாள் தங்கை. அவள் குரலே வெளியே வரவில்லை.

முடி எடுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தோம். சித்தப்பா மகன் கைலியை இழுத்து விட்டுக்கொண்டு சம்மணம் போட்டான். பையனை அவன் மடியில் வைத்தார்கள். ஈரமும் உப்பும் நடுக்கமுமாக இருந்த அந்த ஆளைப் பையன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். காலை உதைத்து, முதுகை வில்லாக வளைத்து, கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினான். முடி எடுக்கிறவர் தலையை நனைத்தார், கத்தியை எடுத்தார், கீழே வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். மாப்பிள்ளை மடியில் வைத்துப் பார்த்தார்கள், அதே அலறல்.

"இப்படி ஆடுனா நான் கத்தி வைக்க மாட்டேன்ம்மா," என்றார் அவர். வயசாளி இல்லை, என் வயது இருக்கும். "பிள்ளை யாருகிட்ட அடங்குமோ அவங்க மடில வைங்க."

பையன் ஏற்கெனவே என் பக்கம் இரண்டு கையையும் நீட்டிவிட்டான். "பெரிம்மா, பெரிம்மா."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு முடி எடுக்கிறவரைப் பார்த்தார். "அவ பொம்பள. மாமன் மடிதான் வழக்கம்."

"அம்மா, நான் மடியப் பாக்குறதில்ல. மண்டையப் பாக்குறேன். அது ஆடாம இருந்தா போதும்."

நான் வாயைத் திறக்கப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு முன்னால் என் தங்கை வாயைத் திறந்தது அப்போதுதான். அத்தையைப் பார்த்து நேராகச் சொன்னாள். "அத்தை, ஆறு வருஷம் இந்தக் கடக்கரைக்கு என்கூட வந்தது யாரு? நான் அழுகும்போது பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? எங்க வீட்டு மாமன் எங்க அக்காதான். நீங்க வேணாம்னா முடியோடவே ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஜாக்கெட்டில் இருந்த ஊக்கு குத்துவதுபோல நெஞ்சில் என்னவோ குத்தியது. அத்தை முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தை வேண்டாம் என்று சொல்லாமல் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சித்தப்பா மகன்தான் முதலில் எழுந்தான். "வாக்கா, உக்காரு. என்கிட்ட மடியும் இல்ல, தோடும் இல்ல," என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்து நான் உட்காருகிற இடத்தில் அவனே விரித்தான். அந்த ஒரு காரியத்துக்காக அவன் எடுக்கிற எல்லாப் போட்டோவையும் நான் மன்னித்துவிட்டேன்.

உட்கார்ந்தேன். பையன் என் மடியில் ஏறி உட்கார்ந்து தேம்பினான். அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "க்ர்ர்ர், ஷீங், டக்," என்றேன். "எத்தனை காப்பி சார்?"

தேம்பலுக்கு நடுவில் யோசித்தான். "பத்து."

"பத்துக் காப்பி முடியுற வரைக்கும் ஆடப்படாது. பேப்பர் மாட்டிக்கிரும்."

ஆடவில்லை. கத்தி இறங்கியது. சடை இரண்டும் முதலில் தனியாக விழுந்தன. தங்கை அதைத் தட்டில் எடுத்து வைத்தாள். நான் வாயை மூடாமல் மிஷின் ஓட்டினேன். செக்கானூரணிச் சனத்துக்கு முன்னால் நாற்பது வயதுப் பொம்பளை ஜெராக்ஸ் மிஷின் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து முடிந்தது. முடி எடுக்கிறவர் நிமிராமலே சொன்னார், "இன்னும் ரெண்டு காப்பி போடுங்கக்கா, பின்பக்கம் பாக்கி இருக்கு."

ரெண்டு போட்டேன். முடிந்தது. சின்ன வெட்டுகூட இல்லை.

அடுத்து கடலில் தலை நனைக்க வேண்டும். மாமன் தூக்கிப்போக வேண்டிய இடம். சித்தப்பா மகனின் வேட்டி போன கதையைப் பார்த்த பிறகு ஆண்கள் யாரும் கடல் பக்கம் நகரவில்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பையனை இடுப்பில் வைத்து இறங்கினேன். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. கண் அலை மேல். பெரிய அலை ஒன்று வந்தது, பக்கவாட்டில் நின்று அதை விட்டுவிட்டேன். திரும்பிப் போகிற தண்ணீர் காலடி மணலை உருவும் என்று தெரியும், பாதத்தை அழுத்தி ஊன்றினேன்.

அப்போது பின்னால் என் முந்தானை இழுபட்டது. அலைதான் என்று நினைத்துத் திரும்பப் பார்த்தேன். "திரும்பாத, திரும்பாத, கடலப் பாரு," என்றார் அத்தை. முழங்கால் வலிக்காரி, செந்தூருக்கு வந்தால் கரையிலேயே உட்கார்ந்து தலையில் தெளித்துக்கொள்கிறவர், முட்டளவு தண்ணீரில் நின்று என் முந்தானையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்திருந்தார். "புடிச்சிருக்கேன். நீ நனை."

மூன்று கை அள்ளி அவன் மொட்டையில் விட்டேன். ஒவ்வொரு கைக்கும் அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பின்னால் நின்ற அத்தையின் முகம் எனக்குத் தெரியாது, நான் திரும்பவில்லை.

நாழிக்கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, சந்தனம் பூசி, பட்டு வேட்டி கட்டி, காது குத்துகிற ஆசாரி முன்னால் உட்கார்ந்தோம். அவர் கையை நீட்டினார். "தோடு?"

எல்லோருக்கும் அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது. சித்தப்பா மகன் தலையைக் குனிந்தான். மாப்பிள்ளை கடைத்தெருவுக்கு ஓடக் கிளம்பினார். நான் முந்தானைக்குள் கை விட்டு ஊக்கைக் கழற்றினேன். பர்ஸ் காய்ந்துதான் இருந்தது. பருத்தித் துணியைப் பிரித்து ஆசாரி கையில் வைத்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "இது எப்பச் செஞ்ச?"

"இவன் வயித்துல அஞ்சு மாசமா இருக்கும்போது."

"அப்பயேவா?"

"அப்பயேதான் அத்தை."

குத்தும்போது பையன் வீறிட்டான். காப்பிக் கணக்கு அங்கே எடுபடவில்லை. இரண்டு காதிலும் என் தோடு ஏறியது. தங்கை அவன் காதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் அந்தக் கடற்கரையில் நான் பார்த்த முகம் அது இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமைக்கு அளவே கிடையாது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

முருகனைக் கும்பிட்டுவிட்டு, கோயிலுக்குப் பக்கத்தில் எடுத்திருந்த கூடத்துக்குச் சாப்பிட வந்தோம். பந்தி போட்டாகிவிட்டது. எங்கள் பக்கத்துப் பொம்பளைகளோடு நானும் பரிமாறலாம் என்று சாம்பார் வாளியைத் தூக்கினேன். பழக்கம் அப்படித்தானே. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இலைக்கு முன்னால் மட்டும் ஆள் இல்லை. சித்தப்பா மகன் இரண்டாவது இலையில் இருந்தான். சோறு போட்டும் யாரும் கை வைக்காமல் இருந்தார்கள்.

அத்தை வந்து என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி எங்கள் அம்மாவிடம் கொடுத்தார். "இங்க என்ன பண்ற? போயி உக்காரு."

"எங்க அத்தை?"

"எங்கயா? மாமன் எலை ஆள் இல்லாம கெடக்கு, தெரியலையா? மாமன் கை வைக்காம எங்க சனத்துல ஒருத்தரும் சாப்பிட மாட்டாக. எல்லாத்துக்கும் பசிக்குது. சீக்கிரம்."

நான் போய் உட்கார்ந்தேன். அம்மா வந்து சாம்பார் ஊற்றினார். கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்தியது. வழக்கம்போல நான் திட்டியிருக்க வேண்டும். சிந்தியதை விரலால் ஒதுக்கிவிட்டேன். செக்கானூரணிச் சனம் மொத்தமும் என் கையைப் பார்த்துக் காத்திருந்தது. நான் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் எல்லோரும் இலையில் கை வைத்தார்கள்.